எந்தூரு, எந்தத் தெரு?

திருநெல்வேலி ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கி பாளையங்கோட்டைக்கு ஆட்டோ ஏறினால், ஆற்றுப்பாலம் வருவதற்குள் முதல் கேள்வி வந்துவிடும். “சாருக்கு எந்தூரு?” சொன்னால் அடுத்தது, “இங்கன யார் வீட்டுக்கு?” அதையும் சொல்லிவிட்டால், முருகன்குறிச்சி வருவதற்குள் என்ன உத்தியோகம், எத்தனை பிள்ளைகள், வீடு பார்த்தாச்சா, எந்தத் தெருவில் பார்க்கிறீர்கள் என்பதுவரை போய்விடும். இறங்கும் இடத்தில் பெட்டியைத் தூக்கி நடையில் வைத்துவிட்டு, “எதுன்னாலும் ஸ்டாண்டுல வந்து கேளுங்க” என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியைத் திருப்புவார்.

2003-ல் வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வங்கி மாற்றலில் வந்து இறங்கிய நாளில் எனக்கு இப்படித்தான் நடந்தது. முதல் வாரம் அதை வம்பு என்று நினைத்தேன். முதல் வருடம் பாசம் என்று நினைத்தேன். அப்புறம்தான் அந்தக் கேள்விகள் வரும் வரிசையைக் கவனிக்க ஆரம்பித்தேன். புதிதாக வருகிறவரை இந்த ஊர் எப்படி நடத்துகிறது என்று யாராவது கேட்டால், அந்த வரிசையைப் படிக்கத் தெரிந்தால் போதும் என்றுதான் இப்போது சொல்வேன்.

நெல்லைக்குப் பாசக்கார ஊர் என்று பெயர். இந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் மூன்று வகை. ஒருவர், சென்னையில் வீடு கட்டிக் குடியேறிவிட்டு, நெல்லை எக்ஸ்பிரஸில் தீபாவளிக்கு மட்டும் வந்துபோகும் மண்ணின் மைந்தர். இரண்டாமவர், நெல்லையப்பரைக் கும்பிட்டு, கீழரத வீதியில் சாயங்காலம் வரிசையில் நின்று அல்வா வாங்கிக்கொண்டு, குற்றாலத்தில் குளித்துவிட்டுத் திரும்பும் மூன்று நாள் விருந்தாளி. மூன்றாமவர், சினிமாவுக்கு நெல்லைத் தமிழ் எழுதுகிறவர். மூவரில் ஒருவர்கூட இங்கே வாடகைக்கு வீடு தேடியவரில்லை. எனவே இவர்கள் வாக்குமூலத்தைத் தள்ளுபடி செய்துவிட்டுத்தான் விசாரணையைத் தொடங்க வேண்டும். எதிர்த்தரப்பில் இருந்து வரும் ‘அரிவாள் ஊர்’ என்ற சாட்சியத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இத்தனை வருடத்தில் நான் கண்ணால் பார்த்த அரிவாள்கள் எல்லாம் இளநீர் வெட்டியவை. என் கண்ணில் மற்றவை ஏன் படவில்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் பேச்சு. வடக்கிருந்து வருகிறவர் காதுக்கு இந்த ஊர்த் தமிழ் முரடாகத்தான் கேட்கும். ‘ஏல’ என்ற விளியில் பாதிப் பேர் மிரண்டுவிடுவார்கள். எனக்கு அதைவிடச் சிக்கலாக இருந்தது ‘ங்க’ இல்லாத வினைமுற்று. முதல் மாதம் கிளையில் ஒரு பெரியவர், “என்ன சார், இன்னைக்குப் பிந்தி வந்திய?” என்றார். ஒருமையில் பேசுகிறார் என்று முகம் சுண்டிப்போனது. ‘வந்திய, போறிய, சாப்டியளா’ எல்லாம் மரியாதைப் பன்மை என்று புரிய மூன்று மாதம் ஆனது. அதற்குள் எத்தனை பேரிடம் விறைப்பாக இருந்து தொலைத்தேனோ. இந்தப் பேச்சில் படிநிலை உண்டு. ஏலவுக்கு மேலே வே, அதற்கு ஓய், அதற்கப்பால் அண்ணாச்சி. இதில் அண்ணாச்சிதான் தாராளமான சொல். அறுபது வயதுக் கடைக்காரர் முப்பது வயதுக்காரனை அண்ணாச்சி என்பார். அதற்கு எந்த அத்தாட்சியும் கேட்க மாட்டார். தெருவிலும் கடையிலும் பேருந்திலும் இந்த ஊர் புதியவரிடம் காட்டும் நயத்துக்கு நான் முழு மதிப்பெண் போடுவேன். வழி கேட்டால் கை காட்டி நிறுத்திக்கொள்ளாமல் கூடவே நாலு எட்டு நடந்துவரும் ஊர் இது.

ஆனால் தெரு வேறு, நடை வேறு. நெல்லையில் ‘நடை’ என்றால் வாசல் தாண்டி உள்ளே போகும் இடைகழி. இந்த ஊரில் எத்தனையோ நல்ல உறவுகள் நடையோடு நின்றுபோயிருக்கின்றன.

ஊரின் சார்பில் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. இந்த ஊரையே ஊராக்கியது வெளியூர்க்காரர்கள்தான். ஜங்ஷனையும் பாளையையும் இணைக்கும் ஆற்றுப்பாலம் 1843-ல் கட்டப்பட்டது. அதற்கு முன் தாமிரபரணியைப் படகில்தான் கடக்க வேண்டும். தன் கைப்பணத்தைப் போட்டுப் பாலம் கட்டிக் கொடுத்தவர், கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோச்சன முதலியார். தொண்டைமண்டலத்துக் குடும்பம். தாமிரபரணிக்கரையில் பிறந்தவர்கள் யாருக்கும் அதுவரை தோன்றாத செலவு, உத்தியோகத்துக்கு வந்த குடும்பத்துக்குத் தோன்றியிருக்கிறது. அல்வாவை எடுத்துக்கொண்டால் அது இன்னும் தூரம். சொக்கம்பட்டி ஜமீன் அழைத்துவந்ததாகச் சொல்லப்படும் ராஜபுத்திர சிங் குடும்பத்தார் கிண்டிய பண்டம்தான் இன்று ஊரின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. (தன் கையால் ஆசையாகக் கொடுக்கும் ஒன்றையே ஏமாற்றுவதற்கான சொல்லாகத் தமிழ்நாடு மாற்றி வைத்திருப்பதில் ஊருக்கு வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.) பாளையங்கோட்டையைத் தென்னாட்டு ஆக்ஸ்ஃபோர்டு என்கிறார்கள். அதற்கு விதை போட்டவர்களில் ஒருவர் 1820-ல் வந்து சேர்ந்த ஜெர்மானியர் ரேனியஸ். 1838-ல் இதே ஊரில் மண்ணுக்குள் போனார். பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே இங்கே பள்ளிகள் வந்துவிட்டன. அவற்றைத் தொடங்கிய ஆஸ்க்வித், ஸ்வைன்சன் ஆகிய பெண்மணிகளும் கப்பலேறி வந்தவர்கள்.

இவ்வளவையும் அடுக்கிவிட்டு, “பாத்தியளா, வந்தவனை வாழவைக்கிற ஊர்” என்று மேடையில் முடித்துவிடலாம். முடிக்கிறார்கள். எனக்கு அதில் இரண்டு தடை.

ஒன்று, இவர்கள் யாரும் தனியாக வரவில்லை. ஒருவருக்கு ஜமீன் துணை, ஒருவருக்குக் கம்பெனி துணை, ஒருவருக்கு மிஷன் துணை. அதிகாரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறவருக்கு எந்த ஊரும் கதவைத் திறக்கும். அது ஊரின் குணத்துக்குச் சான்றாகாது.

இரண்டாவது தடைக்கு ஒரு பெண்ணின் கதை வேண்டும். தஞ்சாவூர் மராத்திப் பிராமணக் குடும்பத்து இளம் விதவை, கோகிலா என்று பெயர். ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தவர். அந்த அதிகாரி இறந்த பிறகு 1778-ல் ஸ்வார்ட்ஸ் பாதிரியார் கையால் ஞானஸ்நானம் பெற்று குளோரிந்தா ஆனார். 1785-ல் கோட்டைக்குள் ஒரு தேவாலயம் கட்டினார். இன்றும் இருக்கிறது. ஊரை விட்டார், உறவை விட்டார், சாதியை விட்டார், மதத்தை விட்டார், பெயரையே விட்டார். அந்தக் கோயிலை ஊர் என்ன பெயரில் அழைத்தது? பாப்பாத்தியம்மாள் கோயில். அவர் எதையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு வந்தாரோ அதைத் தேடி எடுத்து அவர் தலையில் திரும்ப வைத்தது ஊர். கோபத்தில் வைத்ததாகவும் தெரியவில்லை, அன்பாகத்தான் சொன்னார்கள். (பாலத்தின் பெயரிலும் சாதி இருக்கிறதே என்று கேட்கலாம். அது அந்தக் காலத்தில் பெயரின் பாகம். அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.) குளோரிந்தாவை ஊர் ஏற்றுக்கொள்ளத்தான் செய்தது. எங்கே வைப்பது என்று தெரிந்துகொண்ட பிறகு ஏற்றுக்கொண்டது.

சரி, தூரத்திலிருந்து வந்தவர்களுக்கு இப்படி. பக்கத்தில் இருந்தவர்களுக்கு? அதே காலகட்டத்தில், பழைய திருநெல்வேலிச் சீமையின் தெற்கே, கிறிஸ்தவரான உள்ளூர்க் குடும்பங்கள் தங்கள் ஊர்களிலேயே இருக்க முடியாமல் போனது. தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார் முன்னின்று, நிலம் வாங்கி, 1799-ல் அவர்களுக்கென்று புதிதாக ஓர் ஊர் எழுப்ப வேண்டியிருந்தது. முதலூர் என்று பெயர் வைத்தார்கள். அதைப் பின்பற்றி இன்னும் பல ஊர்கள் எழும்பின. பிரஷ்யாவிலிருந்து வந்த ரேனியஸ் பாளையங்கோட்டையில் நிம்மதியாகச் சபை நடத்த முடிந்த சீமையில், அங்கேயே பிறந்தவர் வேறு மாதிரி வாழத் தலைப்பட்டதும் ஊரையே மாற்றிக்கொள்ள வேண்டி வந்தது.

இந்த முரண்தான் எனக்குத் திறவுகோல். தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் விருந்தோம்பல் தூரத்தைப் பொறுத்துக் கூடுகிறது. ராஜஸ்தான்காரருக்கு அல்வாக் கடை. வட ஆற்காட்டுக்காரனுக்கு வாடகை வீடு. முப்பது கிலோமீட்டருக்குள்ளிருந்து வருகிறவருக்கு, “யோசிச்சுச் சொல்லுதோம்.”

அதை நேரிலேயே பார்த்தேன். பாளையில் நான் பதினோரு வீடு ஏறி இறங்கினேன். பதினோராவது வீட்டு அம்மாவை மறக்க முடியாது. நாற்காலி போட்டார். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, “குடிங்க, ஆத்துத் தண்ணி” என்றார். தாமிரபரணித் தண்ணீரைக் கொடுக்கும்போது இந்த ஊர்க்காரர்கள் முகத்தில் சொந்தப் பிள்ளையை அறிமுகப்படுத்தும் பெருமை இருக்கும். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு தொடங்கினார்.

“சொந்த ஊரு?”

“போளூர்.”

“அது எங்கன இருக்கு?”

“திருவண்ணாமலை பக்கம்.”

“திருவண்ணாமலைக்குப் போயிருக்கோம். தீபத்துக்கு.” சற்று யோசித்தார். “உங்களுக்குச் சாஸ்தா எது?”

வெளியூர் வாசகருக்கு இந்த இடத்தில் ஒரு விளக்கம் வேண்டும். பங்குனி உத்திரத்தன்று நெல்லைச் சீமையில் தெருக்கள் காலியாகிவிடும். ஒவ்வொரு குடும்பமும் தங்கள் குலசாமியான சாஸ்தாவைத் தேடி, காட்டிலோ குளத்தங்கரையிலோ இருக்கும் கோயிலுக்கு வண்டி பிடித்துப் போகும். சாஸ்தா எது என்று தெரிந்தால் பூர்வீகம் எது, வகையறா எது என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம். சாதியை வாய்விட்டுக் கேட்பது நாகரிகமில்லை என்ற கூச்சம் இந்த ஊருக்கு நிறைய உண்டு. அதனால் சாமியைக் கேட்பார்கள்.

“எங்க பக்கம் சாஸ்தா கிடையாதும்மா” என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் சந்தேகத்தைவிட இரக்கம்தான் அதிகம். சாஸ்தா இல்லாமல் ஒரு குடும்பமா! அடுத்து, கறி மீன் சமைப்பீர்களா என்று கேட்டார். அதற்கு நான் சொன்ன பதில் அவருக்கு உவப்பாக இல்லை. ஆனாலும் சாவி கிடைத்தது. என் குணத்துக்காகக் கிடைத்தது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். அதே வீட்டை முந்தின வாரம் பார்த்துவிட்டுப் போனவர் என் கிளையிலேயே வேலை பார்த்தவர் என்பது பிறகுதான் தெரியவந்தது. எனக்கு இருந்த அதே சம்பளம், எனக்கு இல்லாத அழகான நெல்லைத் தமிழ், சொந்த ஊரும் இதே மாவட்டம். அவருக்கும் செம்பில் தண்ணீர் வந்திருக்கிறது. இரண்டாவது கேள்வியோடு பேச்சு முடிந்திருக்கிறது. “எங்க ஊர்ப் பேரைச் சொன்னாலே போதும் சார், மத்ததை அவங்களே வாசிச்சுக்கிடுவாங்க” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எட்டு வருடம் தினமும் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்துபோனார்.

என் ஊரை அந்த அம்மாவுக்கு வாசிக்கத் தெரியவில்லை. அவரிடம் இருந்த வரைபடம் திருச்சியோடு முடிந்துவிட்டது. எனக்குக் கிடைத்த வீடு அந்த வரைபடத்தின் விளிம்புக்கு அப்பாலிருந்து வந்ததற்கான பரிசு. (அந்தம்மா கடைசிவரை கண்டுபிடிக்க முடியாத என் சாதியை இங்கேயும் எழுதப்போவதில்லை. தெரிந்தால் வாசகரும் கட்டுரையை அதைக்கொண்டே எடைபோடுவார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.) என் முஸ்லிம் நண்பர் ஒருவருக்கு இதே கதை வேறு வடிவத்தில் நடந்தது. “மேலப்பாளையத்துல உங்க ஆளுக நிறைய இருக்காங்களே, உங்களுக்கு அங்கதான் சவுரியம்” என்று அவருடைய சவுரியத்தில் ஆறு வீட்டுக்காரர்கள் அக்கறை காட்டினார்கள்.

வாசிக்கப்படாதவனுக்கு இந்த ஊரில் இன்னொரு சலுகையும் உண்டு, பஞ்சாயத்துக்குக் கூப்பிடுவார்கள். பாகப்பிரிவினை, கடன் தகராறு, கோயில் வரவுசெலவு என்று என் மேசைக்கு வந்த வழக்குகளுக்கு வங்கி விதிகளில் இடமில்லை. “நீங்க வெளியூரு சார், நீங்க சொன்னா ரெண்டு பேரும் கேட்டுக்கிடுவோம்.” எந்தப் பக்கமும் சேராதவன் என்பதால் வந்த மரியாதை அது. அரசாங்கத்துக்கும் இந்தக் கணக்கு தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவரையும் அவருடைய தங்கையையும் கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் கட்டும் சாதிக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்ன பரிந்துரைதான் செய்தியில் அடிபட்டது. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. ஒரு பகுதியில் பெரும்பான்மையாக இருக்கும் சாதியைச் சேர்ந்தவரை அங்கே தலைமையாசிரியராகவோ கல்வி அதிகாரியாகவோ போடக்கூடாது என்கிறது அறிக்கை. உள்ளூரில் வேர் இல்லாததே ஒரு பதவிக்குத் தகுதியாகிறது. எனக்குக் கிடைத்த பஞ்சாயத்துப் பதவியும் அதே விதியில் கிடைத்ததுதான்.

இளநீர் அரிவாளைத் தவிர வேறு அரிவாள் என் கண்ணில் ஏன் படவில்லை என்பதற்கும் இதுவே காரணம். இந்தச் சீமையின் வன்முறை அந்நியன்மேல் பாய்வதில்லை. 2025 ஜூலையில் பாளையங்கோட்டை கே.டி.சி. நகரில் பட்டியல் சாதியைச் சேர்ந்த இளம் மென்பொருள் பொறியாளர் ஒருவர் காதலின் பேரில் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்தப் பெண்ணின் சகோதரர் கைதானார். முன்பின் தெரியாதவர்களுக்கு இடையில் நடந்த கொலையில்லை அது. ஒருவரையொருவர் நன்றாக வாசிக்கத் தெரிந்த இடத்தில் நடந்தது.

ஊரின் வரவேற்பை எடைபோட நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் கொக்கிரகுளம். கலெக்டர் அலுவலகம் அங்கேதான். மேலே சுலோச்சன முதலியார் பாலம், கீழே ஆறு. அங்கே போய் நிற்பதற்குக் காரணம் மலைமேல் இருந்த மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம். சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929-ல் குத்தகைக்கு எடுத்து பம்பாய் பர்மா நிறுவனம் காட்டை அழித்துத் தோட்டம் போட்ட இடம். சமவெளியில் நிலமும் மதிப்பும் இல்லாதவர்கள் அங்கே கூலிக்கு ஏறினார்கள். தலைமுறைகள் கழித்து, கூலி உயர்வும் சிறையிலிருந்த தொழிலாளர்களின் விடுதலையும் கேட்டு, 1999 ஜூலை 23 அன்று அவர்களும் ஆதரவாளர்களும் ஊர்வலமாகக் கலெக்டரைப் பார்க்க வந்தார்கள். போலீஸ் தடியடியில் ஆற்றுக்குள் விரட்டப்பட்டார்கள். 17 பேர் செத்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. அதை அரசின் குற்றம் என்று ஊர் சொல்லலாம், சரிதான். ஆனால் அதற்குப் பின் இத்தனை வருடம் இந்த ஊரில் இருக்கிறேன். அல்வாவின் வரலாற்றை எனக்குச் சொல்லாத நெல்லைக்காரர் இல்லை. ஜூலை 23-ஐப் பற்றி நானாகக் கேட்காமல் சொன்னவர்கள் மூன்று பேர். 2024-ல் தோட்டத்தை மூடுவதாக நிறுவனம் அறிவித்து, மலையில் பிறந்து வளர்ந்தவர்கள் கீழே இறங்க வேண்டிய நிலை வந்தபோது, எங்கே போவது என்று அவர்கள் கேட்டது ஏன் என்று எனக்குப் புரிந்தது. அரசு பட்டா கொடுக்கலாம். எந்தத் தெருவில் என்பதுதான் பிரச்சினை.

ஊருக்காக வாதாடுகிறவர்கள் இந்த இடத்தில் வெள்ளத்தைக் கொண்டுவருவார்கள். கொண்டுவரத்தான் வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. தாமிரபரணி ஜங்ஷனுக்குள் வந்தது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் மண்ணே இல்லை. ஹெலிகாப்டர் வந்து சேரும்வரை அத்தனை பேருக்கும் சோறு போட்டது பக்கத்துப் புதுக்குடி கிராமம். தங்கள் வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும்போது, இருந்த அரிசியைப் பொங்கி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். எந்தப் பெட்டியில் யார் என்று கேட்கவில்லை. இதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். வேறு எந்த ஊர் இதைச் செய்திருக்கும் என்று கேட்டால் சட்டென்று பெயர் சொல்ல வராது.

என்றாலும் விசாரணையில் இது எதை நிரூபிக்கிறது? ரயிலில் இருந்தவர்கள் போகப்போகிறவர்கள். தண்டவாளம் சரியானால் சென்னைக்குப் போய்விடுவார்கள். விருந்தாளி என்ற சொல்லுக்கு அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் கிடையாது. இந்தப் பள்ளத்தாக்கு அப்படிப்பட்டவர்களுக்கு உயிரையே கொடுக்கும் என்பதை யாரும் மறுக்கவில்லை.

போகப்போகிறவர் என்பது இங்கே முக்கியமான சொல். திருநெல்வேலி ஆட்களை வெளியே அனுப்பிப் பழகிய ஊர். உள்ளே இழுத்துப் பழகவில்லை. கோயம்புத்தூருக்கு மில்லும் ஃபவுண்டரியும் இருந்தன, ஆள் வேண்டியிருந்தது, வந்தவனோடு எப்படி இருப்பது என்று ஊர் கற்றுக்கொண்டாக வேண்டியிருந்தது. நெல்லைச் சீமை சென்னைக்குக் கடைக்காரர்களையும், மும்பை தாராவிக்குக் கூலிகளையும், வளைகுடாவுக்குக் கொத்தனார்களையும் அனுப்பி மணியார்டரில் வாழ்ந்தது. இங்கே வந்தவர்கள் பெரும்பாலும் மாற்றலில் வந்தவர்கள். ரயில்வே, வங்கி, ஆஸ்பத்திரி, கல்லூரி. மூன்று வருடத்தில் போய்விடுவார்கள். “மாத்தலாகிப் போயிருவிய, எங்களை மறந்துருவிய” என்று எனக்குப் பிரிவுபசாரம் நடத்தவே அக்கம்பக்கத்தார் காத்திருந்ததுபோல ஒரு தோற்றம் முதல் சில வருடங்கள் இருந்தது. நான் மனை வாங்கிய செய்தி பரவியதும் பேச்சில் ஒரு நுணுக்கமான மாற்றம் வந்தது. அன்பு குறையவில்லை. கேள்விகள் திரும்ப முதலிலிருந்து தொடங்கின.

எழுத்தாளர் தோப்பில் முஹம்மது மீரான் தேங்காய்ப்பட்டணத்துக்காரர். வற்றல் வியாபாரத்தோடு நெல்லையில் குடியேறி, 2019-ல் இங்கேயே மறைந்தார். அவர் நாவல்களில் அலையடிப்பது பெரும்பாலும் பிறந்த ஊரின் கடல்தான். ஓர் எழுத்தாளர் எதை எழுதுகிறார் என்பதை வைத்து ஊருக்கு மார்க் போடக்கூடாது. ஆனாலும் அவர் வாழ்ந்த பேட்டைப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

இப்போது கணக்கு மாறிக்கொண்டிருக்கிறது. கங்கைகொண்டான் சிப்காட்டில் பெரிய சோலார் ஆலை 2025 பிப்ரவரியில் முறைப்படி திறக்கப்பட்டது. வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். வேனில் போய் வேனில் வருகிறார்கள். வண்ணார்பேட்டை ஹோட்டல்களில் ஒடிசா, பீகார் பையன்கள். நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையில் பரோட்டா வீசும் ஒடியாப் பையன் என் தமிழைவிட நல்ல நெல்லைத் தமிழ் பேசுகிறான். “அண்ணாச்சி, சால்னா ஊத்தவா, தனியா வைக்கவா?” அவனிடம் யாரும் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கடைக்காரரும் வாடிக்கையாளர்களும் அவனைச் செல்லமாகத்தான் நடத்துகிறார்கள். அவன் படுப்பது கடைக்கு மேலே ஓர் அறையில், எட்டுப் பேரோடு. குடும்பத்தைக் கூட்டிவர ஆசைப்பட்டு வீடு தேடினான். அந்தச் செல்லம் மாடிப்படி இறங்கி அடுத்த தெருவரைகூடப் போகவில்லை.

“இதெல்லாம் எந்த ஊரில் இல்லை? சென்னையில் சைவர்களுக்கு மட்டும் என்று போர்டு தொங்கவில்லையா?” என்று கேட்பார்கள். தொங்குகிறது. வித்தியாசம் இதுதான்: சென்னையில் வீட்டுக்காரர் மட்டும் கேட்பார். இங்கே ஆட்டோக்காரர், டீக்கடைக்காரர், பக்கத்து சீட்டுப் பயணி, பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சுப் பிள்ளை எல்லாரும் கேட்பார்கள். அதற்கு மறுபக்கமும் உண்டு. சென்னையில் பக்கத்து ஃபிளாட்டுக்காரர் செத்துப் போனால் நாற்றம் வந்துதான் தெரியும் என்பார்கள். இங்கே எனக்குக் காய்ச்சல் கண்ட இரண்டாம் நாள் எதிர்வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. விசாரிக்கிற ஊர்தான் கஞ்சியும் கொண்டுவரும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட முடியுமா என்று நெடுநாள் யோசித்தேன். முடியும் என்றுதான் நினைக்கிறேன். எதிர்வீட்டு அம்மாவுக்கு என் தெருவும் கதவு எண்ணும் தெரிந்ததால் கஞ்சி வந்தது. என் சாஸ்தா தெரிந்து வரவில்லை.

எனவே என் தீர்ப்பு இது. வந்துபோகிறவருக்குத் தென்னாட்டில் இதைவிட நல்ல ஊர் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. தூரத்திலிருந்து உத்தியோகத்தோடு வந்து தங்குகிறவருக்கு நல்ல ஊர். கூலிக்கு வந்து தங்க நினைப்பவருக்கு டீக்கடைவரை நல்ல ஊர். பக்கத்து ஊரிலிருந்து, தவறான தெருவிலிருந்து, நல்ல தெருவுக்குக் குடிவர நினைப்பவருக்கு இது இன்னும் நகரமே ஆகவில்லை. 1994-ல் டவுனையும் பாளையையும் மேலப்பாளையத்தையும் தச்சநல்லூரையும் சேர்த்து மாநகராட்சி என்று அரசாணை போட்டார்கள். 2011 கணக்கெடுப்பில் 4.7 லட்சம் பேர். இத்தனை பேர் ஒருவரையொருவர் கிராமத்தில் வாசிப்பதுபோல வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கென்று ஒரு தராசு வைத்திருக்கிறேன், கொஞ்சம் தீனிப்பண்டாரத்தனமானது. நெல்லைச் சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டில் சொதி வைப்பார்கள். தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் காய்கறியும் இஞ்சித் துவையலுமாக. முகூர்த்தத்துக்கு ஊரையே கூப்பிடுவார்கள்; பத்திரிகை வைக்காத வீடே எனக்கு இல்லை. அது மரியாதை. மறுநாள் சொதிக்கு இருந்து போங்க என்றால்தான் உறவு. இத்தனை வருடத்தில் எனக்கு வாய்த்தது மூன்று சொதி. முதலாவது பதினோராம் வருடத்தில். மூன்றாவது போன தை மாதம்.

அந்த மூன்றாவது பந்தியில் என் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இங்கே பிறந்தவள், ‘வாரேன், போறேன், சொல்லுதேன்’ என்றுதான் பேசுவாள். எதிர் இலையில் இருந்த ஆச்சி அவளைப் பிடித்துக்கொண்டார்.

“பாப்பாவுக்கு எந்தூரு?”

“பாளை, ஆச்சி.”

“அது சரி. சொந்த ஊரு?”

“பாளைதான் ஆச்சி. உங்களுக்கு எந்தூரு?”

ஆச்சி சொதியில் நனைந்த கையோடு நிமிர்ந்தார். இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டு ரொம்ப நாளாகியிருக்கும்போல.

“எனக்கா? கல்லிடைக்குறிச்சி. பதினெட்டு வயசுல இங்க வாக்கப்பட்டு வந்தேன். அம்பத்தாறு வருஷம் ஆச்சு. இந்தத் தெருவுல இப்பவும் என்னைக் கல்லிடைக்குறிச்சியான்னுதான் கூப்பிடுதாக” என்றார். பிறகு பரிமாறுகிறவரைப் பார்த்து, “ஏல, இந்தப் பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் சொதி ஊத்து” என்றார்.